நாலாவது மாடி, 50 அடி நீள வீடு, ஒரு நாய்க்குட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

வீடும் குட்டியும்

ரங்கூன் நடுநகரில், அனவரதா சாலைக்கும் மகாபந்துலா சாலைக்கும் இடையே ஓடும் குறுக்குத் தெரு ஒன்றில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தில் நடந்தது இது. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயர்களை விட்டுவிட்டேன். வீட்டில் ஐந்து பேர். பலசரக்குக் கடை வைத்திருக்கும் கணவர், காலையில் மட்டும் கணக்கு எழுதும் வேலைக்குப் போய் வரும் மனைவி, எட்டாவது படிக்கப் போகும் மகள், அவளுக்கு இளையவன் ஒருவன், அப்புறம் கணவரின் அம்மா. பிள்ளைகள் அவரை அப்பத்தா என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் மிருக வைத்தியன் இல்லை. ஒரு வைத்தியரிடம் பல வருடம் உதவிக்கு இருந்துவிட்டு, இப்போது வீடுகளுக்குப் போய் நாய் பழக்கிக் கொடுக்கிறேன்.

பர்மியப் புத்தாண்டான திஞ்சான் விடுமுறை முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசியில் குட்டியை வாங்கியிருக்கிறார்கள். பொமரேனியன் கலப்பு, வெள்ளைப் பெட்டைக்குட்டி. விற்றவர் இரண்டு மாதம் என்றாராம், வைத்தியர் பல்லைப் பார்த்துவிட்டு 10 வாரம் இருக்கும் என்றார். வயதைவிட முக்கியமான விஷயம் ஒன்று பேச்சுவாக்கில் வெளியே வந்தது. அது பிறந்ததிலிருந்தே கம்பிக்கூண்டில், பழைய பேப்பர் விரித்த தரையில் வளர்ந்தது. தாய்க்கூட இருக்கும் குட்டி மூன்று வாரம் ஆனதுமே படுக்கும் இடத்தைவிட்டுத் தத்தித் தத்தித் தள்ளிப்போய்த்தான் ஒன்றுக்குப் போகப் பார்க்கும். கூண்டுக்குட்டிக்குத் தள்ளிப்போக இடமில்லை. தின்ற இடம், படுத்த இடம், பேண்ட இடம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். அதோடு எந்தத் தரையில் போவது என்ற பழக்கம் எட்டு ஒன்பது வாரத்திலேயே பதிய ஆரம்பித்துவிடும். இந்தக் குட்டிக்குப் பதிந்தது பேப்பர்.

முதலில் பார்த்தது

ஒரு மதியம் முழுக்க ஹாலில் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டின் அமைப்பைச் சொன்னால்தான் மீதி புரியும். அகலம் 12½ அடி, நீளம் 50 அடி, நடுநகரில் இருக்கும் பல வீடுகளின் அளவு இதுதான். முன்பக்கம் தெருவைப் பார்த்த கிராதி போட்ட பால்கனி, அடுத்து சாமி படங்கள் மாட்டிய ஹால், பிளைவுட் தடுப்பு வைத்த இரண்டு அறை, அவற்றை ஒட்டி ஒருவர் போக இன்னொருவர் ஒதுங்க வேண்டிய நடை, கடைசியில் சமையல்கட்டு, அதையும் தாண்டி கக்கூஸ். குட்டி இருப்பதெல்லாம் ஹாலில். அது போக வேண்டிய இடம் என்று இவர்கள் முடிவு செய்திருந்தது கக்கூஸ்.

மனைவி எங்கேயோ படித்துவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் தூக்கிக்கொண்டு போனார். நான் பார்த்தபோது குட்டி நல்ல தூக்கத்தில் இருந்தது, மணி ஆகிவிட்டது என்று எழுப்பித் தூக்கிப் போய் ஈரச் சிமெண்டில் விட்டார்கள். இருட்டு, கால் சில்லென்றது, மேலே குழாய் சொட்டுகிறது. குட்டி காதை மடித்துக்கொண்டு நடுங்கியது. ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு "வரல போல" என்று திரும்பக் கொண்டு வந்து ஹாலில் விட்டதும், அது வாசல் மிதியடியை இரண்டு சுற்று சுற்றி, மூக்கைத் தரையில் ஓட்டி, பின்பக்கத்தைத் தாழ்த்தி நிம்மதியாகப் போனது. மனைவி ஓடிப்போய்த் தூக்க, நடை நெடுக சொட்டுச் சொட்டாகக் கக்கூஸ் வரைக்கும்.

இதில் குட்டியின் குற்றம் எதுவும் இல்லை. அந்த வயதில் ஒரு குட்டிக்கு முட்டுகிறது என்று தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவே சில நொடிதான் இருக்கும். பெரிய நாய்க்கே சுற்றி வளைத்துப் போக வேண்டிய 50 அடியை அது எப்படித் தாண்டும்?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாலில் மூன்று இடத்தில் பேப்பர் விரித்திருந்தார்கள், அதனால் கணவர் தரையில் வைத்துப் படிக்கும் அன்றைய பேப்பரும் குட்டிக்குக் கக்கூஸ் ஆகிவிட்டது. சாப்பாட்டுக் கிண்ணம் நாள் முழுக்கத் தரையிலேயே இருந்தது. தரை பழைய மரப்பலகை, மேலே லினோலியம். ஒட்டுப் போட்ட இடத்தில் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் பலகை கறுத்து ஊறிப்போய் வாடை குப்பென்று அடித்தது. மேலே எத்தனை தடவை பினாயில் போட்டு என்ன, நமக்குத்தான் வாடை அடங்கும், நாய்க்கு அடங்காது.

கணவர் பேப்பரைச் சுருட்டித் தரையில் அடிப்பதும், குட்டியின் மூக்கை ஈரத்தில் தேய்ப்பதுமாக இருந்தார். அவர் மோசமானவர் இல்லை, அவர் அப்பா அப்படித்தான் செய்தாராம். ஆனால் அதன் பலன் கண்ணெதிரே தெரிந்தது. அவர் ஹாலில் இருக்கும்போது குட்டி ஒன்றுக்கே போவதில்லை, அவர் நகர்ந்ததும் பீரோவுக்குப் பின்னால் போய்ப் போகிறது. மூக்கைத் தேய்த்தால் "இங்கே போகக் கூடாது" என்று அதற்குப் புரியாது, "இந்த ஆள் பார்க்கப் போகக் கூடாது" என்றுதான் புரியும். அப்புறம் அவரே சரியான இடத்துக்குக் கூட்டிப் போனாலும் அவர் முன்னால் அது போகாது, திரும்பி வந்து ஒளிந்துகொண்டுதான் போகும்.

நோட்டு

எதையும் மாற்றுவதற்கு முன்னால் எழுதி வைக்கச் சொன்னேன். மகளுக்குக் கோடை விடுமுறை, வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். கிழித்த தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு, எப்போது விழித்தது, எப்போது தின்றது, எப்போது ஒன்றுக்கு, எப்போது ரெண்டுக்கு, எந்த இடம், அப்போது யார் பக்கத்தில் என்று எழுதினாள். தம்பி ஓரத்தில் படம் போட்டான், அது போகட்டும்.

சில நாளிலேயே ஒரு ஒழுங்கு தெரிந்துவிட்டது. தூங்கி எழுந்த இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் ஒன்றுக்கு, விளையாட்டு சூடு பிடித்துக் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒன்றுக்கு, தின்று கால் மணி இருபது நிமிஷத்தில் ரெண்டுக்கு. வயிற்றில் சோறு விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும், எல்லாக் குட்டிக்கும் அப்படித்தான். குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி ஒன்று கூட்டினால் அத்தனை மணி நேரம் அடக்கும் என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். அது சும்மா படுத்திருக்கும்போது எட்டக்கூடிய உச்சம்தான், விழித்து ஓடியாடும் சின்ன ஜாதிக் குட்டிக்கு அதில் பாதிகூடத் தாங்காது. இரண்டு மணிக் கடிகாரம் இந்தக் குட்டிக்குத் தேவைப்பட்ட எந்த நேரத்தையும் தொடவில்லை. தூங்கும்போது எழுப்பியது, தேவைப்படும்போது அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. தினமும் சாயங்காலம் நாலரை மணி வாக்கில், எந்தச் சாப்பாட்டோடும் சேராமல், தண்ணீர் மாதிரி ஒரு ஆய். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, சாப்பாடும் மாற்றவில்லை. மகள்தான் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "அந்த நேரத்துல அப்பத்தா மட்டுந்தான் எந்திரிச்சிருப்பாங்க" என்றாள். அப்பத்தாவிடம் கேட்டேன்.

"ஆமா தம்பி, டீ குடிக்கையில ரெண்டு பிஸ்கட்ட நனச்சுக் குடுப்பேன். வாயவே பாத்துக்கிட்டு நிக்குது, எப்புடிக் குடுக்காம இருக்குறது?"

அவர் எதையும் மறைக்கவில்லை, அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இங்கத்து டீக்கடை டீயில் கட்டிப்பால் தாராளமாக இருக்கும். பால் குட்டி வயிற்றைக் கலக்கும், டீத்தூளில் இருக்கும் காஃபீன் நாய்க்கு ஆகவே ஆகாது. நிறுத்துங்கள் என்று சொல்லியிருந்தால் மறைவாகக் கொடுக்க ஆரம்பித்திருப்பார் என்பது என் எண்ணம். அதனால் கொடுக்கட்டும், ஆனால் டீயில் நனைக்காமல் வெறும் பிஸ்கட்டில் ஒரு துண்டு, அதுவும் தினமும் ஒரே நேரத்தில், கொடுத்த கையோடு மகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று பேசி வைத்தோம். தண்ணீராகப் போவது நின்றது. நேரமும் நோட்டுக்குள் வந்தது.

இடம்

நேரத்தைவிட இதற்குத்தான் அதிகம் யோசித்தோம். கீழே தெருவுக்கு இறக்குவது அப்போதைக்கு முடியாது. கடைசித் தடுப்பூசி 16 வாரத்தில், அதற்கப்புறமும் ஒன்றிரண்டு வாரம் விட வேண்டும். குட்டிகளுக்கு உயிர்போகும் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் பார்வோ கிருமி, தெருநாய் நடமாடும் மண்ணில் மாதக் கணக்கில், சில இடத்தில் வருடம் வரைக்கும்கூட உயிரோடு கிடக்கும். (அதுவரை வெளியுலகமே காட்டாமல் பூட்டி வைக்கவும் கூடாது. கையில் தூக்கிக்கொண்டு டீக்கடை வரை போய் வரச் சொன்னேன், தரையில் விடாமல்.) கக்கூஸ் தூரம். குட்டியின் படுக்கையைச் சமையல்கட்டுப் பக்கம் மாற்றினால் தூரம் குறையும், ஆனால் அப்பத்தா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சமைக்கிற இடத்தில் நாய் புழங்கக் கூடாது என்பது அவருக்கு விட்டுக்கொடுக்க முடியாத விஷயம். அதை உடைத்து ஒரு திட்டம் போட்டால் காலையில் குட்டியோடு தனியாக இருக்கப் போகிறவரே நமக்கு எதிராகிவிடுவார்.

மீதி இருந்தது முன்பக்க பால்கனி. குட்டி படுக்கும் இடத்திலிருந்து ஏழெட்டு அடி. சிக்கல் என்னவென்றால் கழுவினால் தண்ணீர் கீழே ஒழுகும். கீழ்வீட்டு பர்மியக் குடும்பம் அவர்கள் பால்கனியில் துணி காயப்போடுகிறது, அதற்கும் கீழே டீக்கடையின் குட்டி ஸ்டூல்கள். ஆகவே கழுவ வேண்டிய அவசியமே இல்லாத ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது. விளிம்பு உயர்ந்த பெரிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் அடியில் தேங்காய் நார்த்தூள், மேலே மண்ணோடு வெட்டிய புல்பத்தை. நார்த்தூள் ஈரத்தை உறிஞ்சும், ஆயைப் பையில் எடுத்துவிடலாம், வாரம் ஒருமுறை புல்லை மாற்றலாம். பேப்பர் வேண்டாம் என்று கறாராகச் சொன்னதற்குக் காரணம், நாளைக்குக் கீழே இறங்கும்போது அதன் காலுக்குக் கிடைக்கப் போவது மண்ணும் புல்லும்தான். இப்போது பேப்பரை உறுதிப்படுத்திவிட்டு அப்போது மறுபடி மாற்றுவது இரட்டை வேலை. வீட்டில் இருந்த பேப்பர் எல்லாம் மேஜைக்கு மேலே ஏறியது, கணவரும் நாற்காலியில் உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று.

புல்லும் நார்த்தூளும் மேலே வந்தது இந்த ஊரில் எல்லா மாடியிலும் தொங்குகிற கயிற்றில்தான். கீழே ஆள் பையைக் கிளிப்பில் மாட்ட, மேலே இளையவன் இழுக்க, பாதி மண் டீக்கடைக் கூரையில். கடைக்காரர் சிரித்துவிட்டார், நல்லவேளை.

குட்டி முதல் இரண்டு நாள் புல்லைக் கடித்துப் பிடுங்கியது, ஒன்றுக்கு மட்டும் போகவில்லை. அது ஏற்கெனவே போன பேப்பரில் ஒரு கிழிசலைப் புல்லுக்கு நடுவே செருகினோம். மோந்து பார்த்தது, போனது. அடுத்தடுத்துக் கிழிசலைச் சின்னதாக்கி எடுத்துவிட்டோம்.

பழைய இடங்களைச் சுத்தம் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். லினோலியத்தைச் சுருட்டி எடுத்து, பலகையில் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றித் துடைத்து இரண்டு நாள் காயவிட்டோம். நொதி சேர்ந்த கிளீனர் கிடைத்தால் அதுவே மேல். அம்மோனியா கலந்த எதையும் தொட வேண்டாம், மூத்திர வாடையோடு அது ஒத்துப்போகும். மூத்திரத்தின் மேல் நேராக பிளீச் ஊற்றுவதும் வேண்டாம், மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும்.

காத்திருப்பது

பெரும்பாலோர் செய்வது போலக் குட்டியை மூடிய கூண்டுப்பெட்டியில் வைத்துப் பழக்கலாமே என்று மனைவி கேட்டார். படுக்கும் இடத்தை நனைக்க நாய் கூசும் என்பதுதான் அந்த முறைக்கே அடிப்படை. கூண்டில் வளர்ந்த இந்தக் குட்டிக்கு அந்தக் கூச்சம் போய்விட்டிருந்தது, பெட்டியில் அடைத்தால் பெட்டியிலேயே போய்விட்டு அதன் மேலேயே படுக்கும். அதனால் பால்கனிக் கதவை ஒட்டி மூங்கில் தட்டியால் ஒரு சின்ன அடைப்பு, உள்ளே படுக்கை மட்டும். வெளியே இருக்கும்போது மெல்லிய கயிறு ஒன்று மகளின் இடுப்பில். கண் பார்வையில் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஹாலில் சுற்றக் கூடாது.

எழுந்ததும், தின்றதும், ஆடி முடித்ததும், தூங்கப் போகும் முன்னும் தட்டுக்கு. இது எல்லோருக்கும் தெரிந்ததே, எழுதி ஒட்டினால் யாரும் செய்வார்கள். இந்த வீட்டில் நிலைமையை மாற்றியது தட்டின் மேல் என்ன நடந்தது என்பது. கூட்டி வந்தவர் அசையாமல் நிற்க வேண்டும். பேசக் கூடாது, கொஞ்சக் கூடாது, போனைப் பார்த்தாலும் பரவாயில்லை. ஐந்து நிமிஷம் வரை பொறுமை. போனதும் அந்த நொடியே, அது இன்னும் தட்டின் மேல் நிற்கும்போதே, அவித்த கோழி ஈரல் ஒரு துணுக்கு. ஈரல் டப்பாவை பால்கனிக் கிராதியிலேயே கட்டி வைத்தோம், உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தால் குட்டி அதை உள்ளே வந்ததற்குக் கிடைத்த கூலி என்று எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிஷத்தில் போகாவிட்டால் ஹாலில் விடக் கூடாது. நேரே அடைப்புக்குள், அல்லது மடியில், ஒரு பத்து நிமிஷம். திரும்பத் தட்டு. போன பிறகுதான் ஹாலில் ஓட்டம். முன்பு கக்கூஸிலிருந்து வெறுமனே திரும்பி வந்து மிதியடியில் போனதே, அந்த இடைவெளியை அடைத்ததுதான் இந்த நிகழ்வில் நடந்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். எத்தனை தடவை கூட்டிப் போகிறோம் என்பதைவிட, போகாமல் திரும்பினால் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லா வீடும் சறுக்குகிறது.

கணவருக்குக் கூட்டிப் போகும் வேலையைக் கொஞ்ச நாள் கொடுக்கவில்லை. மற்றவர்கள் கூட்டிப் போக, குட்டி முடித்ததும் ஈரலை வீசுவது மட்டும் அவர் பங்கு, முதலில் கதவுக்கு உள்ளே நின்று, பிறகு கொஞ்சம் கிட்டத்தில். அவருக்கு இதில் மனத்தாங்கல்தான். "நான் என்ன வில்லனா" என்று ஒருநாள் கேட்டார். அவர் கடையிலிருந்து வந்ததும் குட்டி வாலைக் குழைத்து நாலு சொட்டு விடும், அதையும் அவர் கணக்கில் சேர்த்துத் திட்டுவார். அது வேறு, இது வேறு. அது பயமும் சந்தோஷமும் கலந்து தன்னையறியாமல் வருவது, பழக்கக் குறை இல்லை. வந்ததும் பார்க்காமல் செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, பிறகு பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து அதுவே வரட்டும் என்று விடச் சொன்னேன். மே முடிவதற்குள் சொட்டு நின்றுவிட்டது, அவர் முன்னாலும் தட்டில் போக ஆரம்பித்தது.

ராத்திரிக்கு அடைப்பை ஒட்டி மனைவி படுத்துக்கொண்டார். நடுச்சாமத்தில் ஒருமுறை அலாரம், விளக்குப் போடாமல், பேசாமல் தட்டு, திரும்பப் படுக்கை. ஈரமில்லாமல் சில ராத்திரி போனதும் அலாரத்தைக் கால் மணி, அரை மணி என்று விடிகாலைப் பக்கம் தள்ளிக்கொண்டே போனார்.

ஜூன்

எல்லாம் சரியாகிவிட்டது என்று மனைவி போனில் சொன்ன கொஞ்ச நாளில் மூன்று விஷயம் ஒன்றாக வந்தது. பள்ளிக்கூடம் திறந்தது, நோட்டு எழுதியவள் காலையிலிருந்து வீட்டில் இல்லை. மழை பிடித்தது. ரங்கூனில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஒவ்வொரு மாதமும் சராசரி 500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும், பால்கனித் தட்டு குளமாகி, நனைந்த புல்லில் கால் வைக்கக் குட்டி மறுத்தது. மின்வெட்டு நேரத்தில் மோட்டார் ஓடாததால் நாலாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை, கொட்டியதைத் துடைப்பதற்கே குடிதண்ணீரை எடுக்க வேண்டியிருந்தது.

மறுபடி ஹாலில் ஈரம். எல்லோரும் பள்ளிக்கூடத்தையும் மழையையும் காரணம் சொன்னார்கள், கணவர் மட்டும் "வேணும்னே பண்ணுது, பழிவாங்குது" என்றார். நாய்க்கு மூத்திரத்தால் பழிவாங்கத் தெரியாது. மகள் பள்ளிவிட்டு வந்து அரைகுறையாக எழுதிய தாள்களைப் பார்த்தேன். மழையில் நனைய மறுக்கும் குட்டி அடக்கி வைத்துவிட்டு ஒரே இடத்தில் நிறையப் போகும். இங்கே எழுதியிருந்தது அப்படி இல்லை. அரை மணிக்குள் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் காசளவு ஈரம், தட்டின் மேலும் இரண்டு முறை குந்தி ஒன்றும் வராமல் எழுந்தது, ராத்திரி படுக்கை நனைந்தது. குட்டியைப் புரட்டிப் பார்த்தால் அடியில் நக்கி நக்கி முடி பழுப்பேறியிருந்தது.

அன்றைக்கே வைத்தியரிடம் அனுப்பினேன். மூத்திரப் பரிசோதனையில் கிருமித் தொற்று. பெட்டைக்குட்டிக்கு மூத்திரக்குழாய் குட்டை, எளிதில் ஏறிவிடும். மருந்தை அவர் சொன்ன நாள்வரை முழுதாகக் கொடுத்தார்கள், நடுவில் நன்றாகிவிட்டது என்று நிறுத்தவில்லை. மருந்து ஓடும் வரை பழக்கத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது, அது கேட்கும்போதெல்லாம் தட்டு, தண்ணீர் தாராளம், ஈரமானால் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டிருங்கள் என்று சொன்னேன்.

மழைக்குப் பால்கனிக் கிராதிக்கு மேலே ஒரு தகரத்தைச் சாய்த்துக் கட்டி, தட்டின் அடியில் துளை போட்டு இன்னொரு தட்டை வைத்தார்கள். தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு வாளி இதற்கென்று தனியாகப் பிடித்து வைப்பது வழக்கமாயிற்று.

நேரத்தை யார் பார்ப்பது என்ற கேள்விக்குக் கடைசியில் அப்பத்தாதான் விடை. குட்டியைத் தொடமாட்டார், பூஜைக்கு முன்னால் சுத்தம் போய்விடும். தொட வேண்டாம், கயிற்றை இழுத்தால் அடைப்பின் கதவு திறக்கும்படி கட்டித் தருகிறோம், திறந்தால் குட்டிக்கு முன்னால் தட்டைத் தவிர வேறு வழி இல்லாதபடி இரண்டு பக்கமும் தட்டி வைத்துவிடுகிறோம், ஈரலை மட்டும் வீசுங்கள் என்றோம். ஈரலுக்குப் பதிலாகத் தன் பிஸ்கட்டை வீசினார். அதுவும் வேலை செய்தது. காலையில் மருமகள் வேலைக்குக் கிளம்பும்போது இவர் பின்னாலிருந்து, "அது இன்னும் போகல, பாத்துட்டுப் போ" என்று சொல்வதும், அவர் "சரித்தே, நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க" என்று படியிறங்குவதும் அந்த வீட்டின் அன்றாடப் பேச்சாகிவிட்டது.

கீழே இறங்கியது

தடுப்பூசிகள் முடிந்து, வெறிநாய்க்கடி ஊசியும் போட்டு, மருந்தும் முடிந்த பிறகு ஜூலையில் முதல்முறை தரையில் விட்டோம். தெருமுனையில் மரத்தடி மண், அங்கே தட்டிலிருந்து எடுத்த பழைய புல்பத்தையில் ஒரு துண்டு. இரண்டாம் நாளே அதன் மேல் போனது. போனதும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது, தெருக்கோடி வரை நடக்க வேண்டும். முடித்ததும் திரும்பிவிட்டால் குட்டி வெளியே இருப்பதை நீட்டிப்பதற்காகவே அடக்கிக்கொள்ளும், நிறைய வீட்டில் பார்த்திருக்கிறேன்.

எந்த நேரத்தில் இறக்குவது என்பதில்தான் ஊர் குறுக்கே வந்தது. விடிகாலை வசதி, தெருநாய்கள் படுத்திருக்கும், வண்டி இல்லை. ஆனால் அதே நேரத்தில்தான் பிக்குகள் பிச்சைப் பாத்திரத்தோடு வெறுங்காலில் அந்தத் தெரு வழியே வருவார்கள். நாம் எவ்வளவு வேகமாகப் பையில் அள்ளினாலும் மழையில் கரைந்தது கரைந்ததுதான். அந்தத் தெருவில் தமிழ்க் குடும்பம் ஒன்றோ இரண்டோ, நாயால் ஒரு பேச்சு வந்தால் அது நாயோடு நிற்காது. ஆகவே காலைக்கடன் மேலே தட்டிலேயே இருக்கட்டும், சாயங்காலம் மட்டும் கீழே என்று முடிவு செய்தோம். இரவு ஊரடங்கு இருந்த காலம் வேறு, ராத்திரி அவசரத்துக்கும் தட்டுதான் துணை. தெருவில் தண்ணீர் தேங்கிய நாட்களில் சாயங்காலமும் இறக்கவில்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சலைக் கொடுக்கும் லெப்டோ கிருமி இருக்கும், அது நாயிலிருந்து மனிதனுக்கும் வரும்.

குட்டி ஈன்ற தெருநாய் ஒன்று முனையில் இருந்ததால் ஒருநாள் உறுமலும் ஓட்டமும் நடந்தது. கடி இல்லை. அதன் பிறகு ஒரு வாரம் குட்டி அந்த மரத்தடியில் போக மறுத்தது, வற்புறுத்தாமல் எதிர்ப்பக்கத்துச் சுவரோரத்துக்கு இடத்தை மாற்றினோம்.

பிறகு

மழை ஓயும் சமயம், அக்டோபரில் போய்ப் பார்த்தேன். வீட்டுக்குள் ஈரம் என்பது எப்போதாவது, அதுவும் விருந்தாளி கூட்டம் வந்து எல்லோரும் மறந்த நாளில். முட்டினால் குட்டி பால்கனிக் கதவடியில் போய் உட்கார்ந்து அப்பத்தாவைத் திரும்பிப் பார்க்கிறது. ராத்திரி அலாரம் எப்போதோ நின்றுவிட்டது. தட்டை எடுத்துவிடலாமா என்று கணவர் கேட்டார், வேண்டாம் என்றேன். லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியில், மழையும் இருட்டும் உள்ள ஊரில், தட்டு ஒரு பழகும் பருவத்துச் சாமான் என்று நினைக்கத் தேவையில்லை. நாய் கிழடாகி மூட்டு வலி வந்தாலும் அது உதவும்.

இதே மாதிரி இன்னொரு வீடு வந்தால் சிலவற்றை வேறு விதமாகச் செய்வேன். கூண்டில் ஈரத்தோடு படுத்து வளர்ந்த பெட்டைக்குட்டி என்றால் முதல் வாரத்திலேயே மூத்திரப் பரிசோதனை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை நோட்டு எழுதுகிற வீட்டில், திறப்பதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே அந்த வேலையைப் பகலில் வீட்டில் இருப்பவர் கைக்கு மாற்றிவிட வேண்டும், பிள்ளையும் கூட இருந்து சொல்லிக்கொடுக்கட்டும். தட்டுக்குத் துளையும் மேலே தகரமும் மே மாதத்திலேயே, முதல் மழைக்குக் காத்திராமல். புல்பத்தை கிடைக்காத வாரங்களில் வெறும் நார்த்தூளிலேயே குட்டி போனதைப் பார்த்தோம், ஆகவே இனி ஆரம்பத்திலிருந்தே இரண்டையும் மாற்றி மாற்றி வைப்பேன். அப்புறம் மூட்டையைக் கயிற்றில் ஏற்றுவதென்றால், டீக்கடை திறப்பதற்கு முன்னால்.